லாரியின் வரம்பை மீறும் டிரெய்லரைக் குறுகிய தூரம் இழுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெனரேட்டர், ஏர் கம்ப்ரசர், தண்ணீர்த் தொட்டி, மரக்கிளைகளை அரைக்கும் இயந்திரம், படகு என்று சக்கரத்தில் ஏற்றிய பளுவான பொருள்களைச் சிங்கப்பூரில் நாள்தோறும் ஒரு வேலையிடத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துச் செல்கிறார்கள். அவற்றுள் சில, இழுக்கும் லாரியின் வரம்பைவிட எடை கூடியவை என்று தெரிந்தும், “பக்கத்தில்தானே, பத்து நிமிட வேலை” என்ற சமாதானத்தோடு கிளம்பிவிடுகின்றன. லாரி ஓட்டுநர்களும் மேற்பார்வையாளர்களும் சிறு குத்தகையாளர்களும் இதைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது.

தூரம் குறைந்தால் ஆபத்தும் குறையும் அல்லவா?

ஒரு பகுதி குறையும்; முக்கியமான பகுதி குறையாது. அளவுக்கு மீறிய எடையை இழுக்கும்போது ஏற்படும் கேடுகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். கியர்பாக்ஸ் எண்ணெய் சூடேறுவது, இன்ஜின் கொதிப்பது, டயர் சூடாகி அடுக்கு பிரிவது ஆகியவை தூரம் கூடக் கூட வளர்பவை. ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தில் அவை பெரும்பாலும் தலைகாட்டுவதில்லை. அதனால்தான் “போன தடவை ஒன்றும் ஆகவில்லையே” என்று சொல்ல முடிகிறது. ஆனால் சிவப்பு விளக்கில் லாரி நிற்குமா, மேம்பாலச் சரிவில் டிரெய்லர் பின்னால் இழுக்குமா, டிரெய்லரை மாட்டும் கொக்கியின் போல்ட் தாங்குமா என்பவற்றுக்கும் தூரத்துக்கும் தொடர்பே இல்லை. முதல் ஐம்பது மீட்டரில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தால், முழுச் சோதனையும் அங்கேயே நடந்துவிடுகிறது.

சிங்கப்பூரில் குறுகிய தூரம் என்பது பெரும்பாலும் சந்திப்புகள் நிறைந்த தூரம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். துவாஸிலிருந்து சாங்கி வரை விரைவுச்சாலையில் ஓடும் லாரி மிதிக்கும் பிரேக்கைவிட, சுங்கை காடுட்டிலிருந்து உட்லண்ட்ஸ் தொழிற்பேட்டைக்குப் போகும் லாரி கிலோமீட்டருக்குக் கூடுதலாகவே மிதிக்கிறது. பேருந்து நிறுத்தம், பாதசாரிக் கடப்பு, வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் வாகனங்கள், சாலையைத் தோண்டிய இடத்தில் மூடிவைத்த இரும்புத் தகடுகள் ஆகிய அனைத்தும் அந்தச் சிறு தொலைவுக்குள் வந்துவிடும். மழை பெய்து நனைந்த அந்தத் தகட்டின்மேல் பிரேக் பிடித்துப் பார்த்த எந்த ஓட்டுநரும் இதை மறுக்க மாட்டார்.

வரம்பு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

சரக்கு லாரிகளின் பக்கவாட்டில் வெற்று எடையும் உச்ச சுமை எடையும் எழுதப்பட்டிருக்கும். ஓட்டுநர்கள் எம்.எல்.டபிள்யூ. என்று குறிப்பிடுவது இரண்டாவதை. அது லாரியும், அதன்மேல் ஏற்றிய சரக்கும், உள்ளே அமர்ந்திருக்கும் ஆட்களும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்பதைச் சொல்கிறதே தவிர, பின்னால் எவ்வளவு இழுக்கலாம் என்பதைச் சொல்வதில்லை. இந்தக் குழப்பம் மிகப் பரவலாக இருப்பதால் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: உச்ச சுமை எடை 3,500 கிலோ என்று எழுதியிருப்பதற்கு, 3,500 கிலோ டிரெய்லரை இழுக்கலாம் என்று பொருள் இல்லை.

இழுக்கும் வரம்பு, வாகனத்தின் கையேட்டிலோ உற்பத்தியாளர் பொருத்திய தகட்டிலோ இருக்கும். அதிலும் பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஓர் எண்ணும், பிரேக் இல்லாத டிரெய்லருக்கு அதைவிட மிகச் சிறிய வேறோர் எண்ணும் இருக்கும். லாரியும் டிரெய்லரும் சேர்ந்த கூட்டு எடைக்குத் தனி வரம்பு உண்டு. கொக்கிக்கும், டிரெய்லரின் இணைப்பு மேலே உட்காரும் அதன் இரும்புப் பந்துக்கும் தனி வரம்பு உண்டு; டிரெய்லரின் அச்சுக்கும் டயருக்கும் கூடத் தனித்தனி வரம்புகள் உண்டு. இவற்றுள் எது மிகச் சிறியதோ அதுவே உங்கள் வரம்பு. மூன்றரை டன் தாங்கும் பந்தை ஒன்றரை டன் இழுக்கும் லாரியில் பொருத்தினால், அந்த லாரி ஒன்றரை டன்தான் இழுக்கும்.

லாரியின் தளத்தில் ஏற்கெனவே சாரக்கட்டுக் குழாய்களோ சிமெண்டு மூட்டைகளோ இருந்தால், கூட்டு எடையில் டிரெய்லருக்கு மிஞ்சும் இடம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். இழுக்கும் வரம்பைப் பார்த்தவர்களும் இந்தக் கழித்தலைச் செய்யத் தவறுகிறார்கள்.

டிரெய்லரின் உண்மையான எடையை எப்படி அறிவது?

எடைப்பாலத்தில் ஏற்றி நிறுப்பதே நம்பத்தக்க வழி. அது இயலாதபோது இயந்திரத்தின் தகட்டில் உள்ள எடையோடு டிரெய்லரின் வெற்று எடையையும், உள்ளே இருக்கும் திரவத்தின் எடையையும் கூட்ட வேண்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஆயிரம் கிலோ. ஆயிரம் லிட்டர் டீசல் ஏறக்குறைய 840 கிலோ. ஜெனரேட்டரின் தகட்டில் இருக்கும் எண் பல சமயம் எரிபொருள் இல்லாத எடையாக இருக்கும். அதன்மேல் சுற்றி வைத்த செம்புக் கேபிள், கருவிப் பெட்டி, மண்ணில் புதைந்து ஒட்டிய சேறு ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பார்வையால் எடை போடுவதை எவ்வளவு அனுபவம் உள்ளவரிடமும் ஏற்காதீர்கள்.

லாரி நிற்கும் தூரம் எவ்வளவு கூடும்? ஓர் எடுத்துக்காட்டு தர முடியுமா?

உச்ச சுமை எடை 3,500 கிலோ உள்ள ஒரு லாரி முழுச் சுமையோடு போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பிரேக் உலர்ந்த சாலையில் முழு வலுவோடு பிடித்தால், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏறக்குறைய 16 மீட்டரில் நிற்கிறது என்று கொள்வோம். இப்போது பிரேக் இல்லாத 2,000 கிலோ டிரெய்லர் ஒன்றை அதன் பின்னால் மாட்டுகிறோம். பிரேக்கின் வலு அதேதான். நிறுத்த வேண்டிய எடை 5,500 கிலோ ஆகிவிட்டது. அந்தக் கணக்குப்படி நிற்பதற்கு 25 மீட்டர் தேவைப்படும். ஓட்டுநர் காலைத் தூக்கிப் பிரேக்கில் வைப்பதற்குள் ஓடிவிடும் பதினான்கு மீட்டர் இரண்டிலும் தனி.

ஒன்பது மீட்டர்தானே கூடுகிறது என்று தோன்றலாம். அதை வேறு விதமாகப் பாருங்கள்: டிரெய்லர் இல்லாத லாரி முழுவதுமாக நின்றிருக்கும் அதே இடத்தை, டிரெய்லர் மாட்டிய லாரி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு பாதசாரி நின்றால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மேலே சொன்னது நேர்ச்சாலைக் கணக்கு. வளைவில் பிரேக் பிடித்தால், பின்னால் இருக்கும் எடை லாரியின் பின்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளும். லாரியும் டிரெய்லரும் கத்தரிபோல் மடங்கிக்கொள்வது இப்படித்தான் நிகழ்கிறது.

அப்படியானால் மிக மெதுவாக ஓட்டினால் போதும்தானே?

வேகத்தைக் குறைப்பது பெரிதும் உதவும் என்பது உண்மை. வேகம் பாதியானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கில் ஒன்றாகிறது. மேலே சொன்ன அதே கூட்டு எடை, மணிக்கு 20 கிலோமீட்டரில் ஏறத்தாழ நான்கு மீட்டரில் நின்றுவிடும். நியாயமாகவே இந்த வாதத்தை முன்வைப்பவர்களுக்கு என் மறுமொழி, சரிவுக்கும் கொக்கிக்கும் வேகம் தெரியாது என்பதுதான்.

பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சாய்தளத்தில் 2,000 கிலோ டிரெய்லர், நின்ற நிலையிலேயே ஏறக்குறைய 200 கிலோ விசையோடு லாரியைப் பின்னுக்கு இழுக்கும். 5,500 கிலோ கூட்டு எடைக்கு அந்த விசை 550 கிலோவை எட்டும். இங்குள்ள பல அடுக்குத் தொழிற்கூடங்களில் லாரிகள் மேல்தளம் வரை ஏறுவதற்குச் சுற்றுச் சாய்தளம் இருக்கிறது. அதில் பாதி ஏறியபின் முன்னால் ஒரு வேன் நின்றுவிட்டால், உங்கள் லாரி அந்த இடத்தில் நிற்கவும் வேண்டும், மறுபடி கிளம்பவும் வேண்டும். கைப்பிரேக் தாங்காமல் வழுக்கினால் டிரெய்லர் முதலில் பக்கவாட்டில் மடங்கும், பிறகு சுவரிலோ பின்னால் வரும் வாகனத்திலோ மோதும். கிளம்ப முயலும்போது கிளட்ச் கருகும் வாடை வந்தால், அதன்பின் அந்தச் சாய்தளத்தில் உங்களுக்கு வழியில்லை. இது நிகழும்போது வேகம் சுழியம்.

டிரெய்லருக்குச் சொந்தப் பிரேக் இருக்கிறதே?

இருக்கிறது, அது வேலை செய்கிறதா என்பதே கேள்வி. சிறிய டிரெய்லர்களில் பெரும்பாலும் உந்து பிரேக் இருக்கும்: லாரி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ள, அந்தத் தள்ளுதலே இணைப்புத் தண்டை உள்ளே அழுத்திப் பிரேக்கைப் பிடிக்கும். மழையிலும் வெயிலிலும் மாதக்கணக்கில் வேலையிடத்தில் நின்ற டிரெய்லரில் இந்தத் தண்டு துருப்பிடித்து அசையாமல் போயிருப்பது சாதாரணம். பழைய வகைகளில், பின்னோக்கி நகர்த்தும்போது பிரேக் பிடிக்காமல் இருக்க ஒரு நெம்புகோலை மாட்டிவைப்பார்கள். அதை எடுக்க மறந்தால் டிரெய்லருக்குப் பிரேக்கே இல்லை.

காற்றுப் பிரேக் உள்ள பெரிய டிரெய்லர்களில் வேறொரு பழக்கத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். காற்று இல்லாதபோது ஸ்பிரிங் தானாகப் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும்படி அவை அமைக்கப்பட்டுள்ளன. கொள்கலன் கிடங்குகளில் “இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத்தானே” என்று சொல்லி, பிரேக் அறையின் (அந்த ஸ்பிரிங் அடங்கிய உருளையின்) பின்புறம் போல்ட்டை முறுக்கி ஸ்பிரிங்கை மடக்கிவிட்டு, காற்றுக் குழாயையும் இணைக்காமல் இழுக்கிறார்கள். அந்தக் கணத்திலிருந்து அந்த டிரெய்லரை நிறுத்த அதனிடம் எதுவுமே இல்லை. இழுக்கும் வாகனம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இதைச் செய்யாதீர்கள். போர்க்லிப்டைக் கொண்டு இழுப்பதற்கும் இதே விடைதான்.

சுமையை டிரெய்லரின் முன்பக்கம் தள்ளி வைத்தால் நல்லதா, பின்பக்கமா?

இரண்டுமே மிகையானால் கேடு. பின்பக்கம் கனத்தால் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் வேகத்தோடு வளர்ந்து லாரியையும் சேர்த்து ஆட்டும். அப்போது ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறையவிட வேண்டும். அழுத்திப் பிரேக் பிடிக்கவும் கூடாது, வேகத்தைக் கூட்டவும் கூடாது.

முன்பக்கம் கனத்தால் கொக்கியின் மேல் பாரம் விழும். லாரியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3.3 மீட்டரும், பின் அச்சிலிருந்து கொக்கி வரை 1.2 மீட்டரும் இருப்பதாகக் கொண்டால், கொக்கியை 300 கிலோ அழுத்தும்போது பின் அச்சில் 409 கிலோ கூடுகிறது, முன் அச்சில் 109 கிலோ குறைகிறது. முன் சக்கரங்கள்தாம் திரும்புகின்றன, பிரேக்கின் பெரும்பங்கையும் அவையே செய்கின்றன. ஸ்டீயரிங் இலகுவாக இருப்பதாக ஓட்டுநர் சொன்னால் அது நற்செய்தி அல்ல. பொதுவாக டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய பாரம் கொக்கியில் இருக்கலாம். ஆனால் தகட்டில் உள்ள உச்ச அளவை அது தாண்டக்கூடாது. பாதி நிரம்பிய தண்ணீர்த் தொட்டியில் இந்தப் பாரம் ஒவ்வொரு பிரேக்கிலும் முன்னும் பின்னும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், தொட்டியை முழுக்க வடித்துவிட்டு இழுப்பதே நல்லது.

உற்பத்தியாளர் எப்படியும் கொஞ்சம் கூடுதலாக இடம் விட்டுத்தானே வரம்பு எழுதுவார்?

விட்டிருப்பார், ஆனால் அது நீங்கள் செலவழிப்பதற்காக விட்ட இடம் அல்ல. புதிய லாரி, நல்ல டயர், சரியான காற்று ஆகியவற்றோடு சோதித்து எழுதிய எண் அது. ஐரோப்பிய ஒன்றிய விதிகளை எடுத்துக்கொண்டால், நூற்றுக்குப் பன்னிரண்டு சரிவுள்ள ஏற்றத்தில், டிரெய்லரோடு சேர்ந்த வாகனம் ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை நின்று கிளம்ப வேண்டும். அந்தச் சோதனையில் தேறிய லாரிக்கு எட்டு ஆண்டுகள் ஆகி, கிளட்ச் தேய்ந்து, பின் டயரில் ஒன்று காற்றுக் குறைந்திருக்கும்போது, உற்பத்தியாளர் விட்ட கூடுதல் இடத்தை வயது ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சம் எவ்வளவு என்று சொல்லக்கூடிய கருவி எந்த ஓட்டுநரிடமும் இல்லை.

தொழிற்சாலை வளாகத்துக்குள் மட்டும் இழுத்தால் சட்டம் பொருந்தாதா?

பொருந்தும். வளாகம் வேலையிடம் ஆகையால் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அங்கே செல்லும். அச்சட்டத்தின் பொதுத் தண்டனைப்படி, முதன்முறைக் குற்றத்துக்கே நிறுவனத்துக்கு 500,000 வெள்ளி வரையிலும், தனிநபருக்கு 200,000 வெள்ளி வரையிலும் அபராதம் விதிக்கப்படலாம். தனிநபருக்கு ஈராண்டு வரை சிறையும் உண்டு. வளாகத்துக்குள் நடந்து செல்பவர்கள் சாலையில் நடப்பவர்களைவிட அருகில் இருக்கிறார்கள் என்பதையும், பின்னால் நகர்த்தும்போது சைகை காட்டுபவர் பெரும்பாலும் லாரிக்கும் டிரெய்லருக்கும் இடையேதான் போய் நிற்கிறார் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். சைகை காட்டுபவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும் பக்கத்தில், டிரெய்லரின் பாதைக்கு வெளியே நிற்க வேண்டும். டிரெய்லரின் மேல் ஒருவரும் ஏறக்கூடாது.

பொதுச்சாலையில் வேறு என்ன தேவை?

டிரெய்லர் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவு பெற்று, சொந்தப் பதிவெண்ணோடும் வேலை செய்யும் விளக்குகளோடும் இருக்க வேண்டும். சுமையோடு சேர்த்து உயரம் 4.5 மீட்டரைத் தாண்டினால் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். உங்கள் ஓட்டுநர் உரிமத்தின் வகுப்பு அந்த வாகனத்தின் எடைக்குப் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். காப்புறுதிப் பத்திரத்தில் சுமை வரம்பைப் பற்றிய நிபந்தனையை இழுப்பதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

மேற்பார்வையாளர் “இழுத்துப் போ” என்று வற்புறுத்தினால் ஓட்டுநர் என்ன செய்வது?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் கடினமானது. வேலை அனுமதிச் சீட்டில் வந்திருக்கும் ஒருவருக்கு மறுத்துப் பேசுவது எளிதன்று. ஊரில் கடன் இருக்கும், சீட்டு முதலாளியின் கையில் இருப்பதாக மனத்தில் அச்சம் இருக்கும். ஆனாலும் விபத்து நடந்தால் போலீஸ் முதலில் கேள்வி கேட்பது ஸ்டீயரிங்கைப் பிடித்தவரிடம்தான்.

“எனக்குப் பயமாக இருக்கிறது” என்று சொல்வதைவிட எண்ணைச் சொல்லுங்கள். “பாஸ், டிரெய்லர் நாலு டன், நம்ம லாரி ரெண்டு டன்தான் இழுக்கும், தகட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கேன், லாரி கிரேன் கூப்பிடலாமா?” என்ற ஒரே வாக்கியத்தில் காரணமும் சான்றும் மாற்று வழியும் வந்துவிடுகின்றன. அதைக் கைப்பேசியில் எழுத்தாக அனுப்புவது நல்லது, ஏனென்றால் எழுத்தில் கேட்டதற்கு “இழு” என்று எழுத்தில் விடை தர எந்த மேற்பார்வையாளரும் தயங்குவார். அதன்பிறகும் வற்புறுத்தினால் மனிதவள அமைச்சிடம் தெரிவிக்கலாம். பாதுகாப்பற்ற வேலைமுறையைப் படத்தோடு அனுப்ப ஸ்னாப்சேஃப் என்ற சேவை இருக்கிறது. மேற்பார்வையாளராக இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஓட்டுநர் எடையைச் சொல்லித் தயங்கினால் அவரைச் சோம்பேறி என்று நினைக்காதீர்கள். உங்கள் பெயரில் எழுதப்படவிருக்கும் விபத்து அறிக்கையை அவர் தடுத்துக்கொண்டிருக்கிறார்.

வேலையை முடிக்க வேறு வழி என்ன?

எடையைக் குறைப்பது முதல் வழி. தொட்டியை வடித்து, கேபிளையும் கருவிகளையும் வேறு நடையில் கொண்டுபோனாலே பல டிரெய்லர்கள் வரம்புக்குள் வந்துவிடும். வராவிட்டால், டிரெய்லரை இழுப்பதற்குப் பதிலாகத் தூக்கி ஏற்றும் லாரி கிரேனையோ, தாழ்தள லாரியையோ, வரம்பு போதுமான வேறு லாரியையோ வாடகைக்கு எடுக்க வேண்டும். வாடகை வீண் என்று தோன்றினால், ஒரு கிளட்ச் மாற்றும் செலவோடும் லாரி பட்டறையில் கிடக்கும் நாள்களின் இழப்போடும் அதை ஒப்பிட்டுப் பாருங்கள். வேலைக்கு விலை சொல்லும்போதே இடமாற்றச் செலவைச் சேர்த்துவிடும் குத்தகையாளருக்கு இந்தச் சிக்கலே எழுவதில்லை.

வரம்புக்குள் இருக்கும் டிரெய்லரையும் மாட்டியபின் ஒன்றைச் சோதிக்க வேண்டும். பந்தின்மேல் இணைப்பை இறக்கிப் பூட்டியதும், டிரெய்லரின் முன் சிறுசக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றி இணைப்பை மேலே உயர்த்திப் பாருங்கள். பூட்டு சரியாக விழுந்திருந்தால் லாரியின் பின்பகுதியும் சேர்ந்து சற்று எழும். விழாவிட்டால் இணைப்பு மட்டும் கழன்று மேலே வரும். பிறகு சிறுசக்கரத்தை முழுக்க மேலே ஏற்றி, பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் இணைப்பின் அடியில் குறுக்காக மாட்டுங்கள். இணைப்பு கழன்றாலும் தண்டு தரையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலி ஏந்திக்கொள்ளும்.

வழியில் நின்றுவிட்டால்?

விரைவுச்சாலை என்றால் எச்சரிக்கை விளக்கைப் போட்டு, எல்லாரும் இறங்கித் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். பழுதாகி நிற்கும் வாகனத்தை அருகிலுள்ள குறிப்பிட்ட வாகன நிறுத்துமிடத்துக்கு இலவசமாக இழுத்துச் செல்லும் சேவையை நிலப் போக்குவரத்து ஆணையம் வைத்திருக்கிறது. நண்பரின் லாரியை அழைத்துக் கயிறு கட்டி இழுப்பது, ஒரு வரம்பு மீறலை இரண்டாக்குவது.

ஏற்கெனவே ஒருமுறை வரம்பை மீறி இழுத்தாயிற்று. இப்போது எதைப் பார்க்க வேண்டும்?

கொக்கியை லாரியின் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளைச் சுற்றிப் பெயிண்டில் மயிரிழை விரிசலோ, துருநிறக் கோடோ தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். போல்ட் அசைந்ததற்கு அதுவே முதல் அடையாளம். பந்து ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பிரேக் மிதி வழக்கத்தைவிடக் கீழே போகிறதா, கிளட்ச் பிடிக்கும் இடம் மாறியிருக்கிறதா, பின் டயர்களின் பக்கச்சுவரில் புடைப்பு இருக்கிறதா என்பவற்றையும் பார்த்து, லாரியைப் பட்டறைக்கு அனுப்பும்போது எவ்வளவு எடையை இழுத்தது என்பதை மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எடை தெரிந்தால்தான் பிரேக் எண்ணெயை மாற்றுவதா, டிரம்மைக் கழற்றிப் பார்ப்பதா என்று அவர் முடிவு செய்ய முடியும்.